செல்போனை ஒளித்து வைக்கும் பேரன்

கேள்வி: எனக்கு 58 வயது. ஐந்து மாதங்களுக்கு முன்பு என் மகள் நான்கு வயது மகனுடன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மருமகன் குடித்துவிட்டு அடிப்பார்; குடிக்காத நாளில் தங்கமான மனிதர். இதற்கு முன் இரண்டு முறை அவள் வந்தபோது, குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இந்த முறை நெற்றியில் தையலோடு வந்தாள். பேரன் வந்த நாளிலிருந்து ஒரு முறைகூட அழவில்லை. அம்மா கண் கலங்கினால் தன் சட்டையால் துடைத்துவிடுகிறான். தெருவில் பைக் சத்தம் கேட்டால் ஓடிப்போய் அவளுடைய செல்போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைக்கிறான். அப்பா முதலில் போனைத்தான் பிடுங்கி எறிவாராம். பொம்மையோடு விளையாடும்போது, "சொன்னா கேக்க மாட்டியாடி" என்று அதை அறைகிறான். நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் மறுபடி வந்திருக்கிறது. அவன் அடம்பிடிக்கும்போது, "அப்பன் புத்தி அப்படியே இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறேன். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். சின்னப் பிள்ளை, மறந்துவிடும், திடமான பிள்ளை என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். அவன் உண்மையிலேயே திடமாக இருக்கிறானா? நாளைக்கு அப்பாவைப் போல ஆகிவிடாமல் அவனை எப்படி வளர்ப்பது? பிள்ளைக்கு அப்பா வேண்டும் என்று சொல்லி, அடுத்த மாதம் அவன் பிறந்தநாளுக்குச் சம்பந்தி வீட்டார் சமரசம் பேச வருகிறார்கள். என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தச் செல்போனைப் பற்றிய வரியைத்தான். நான்கு வயதுப் பிள்ளை ஒருவன், அந்த வீட்டில் நடந்ததை வரிசை மாறாமல் மனத்தில் பதித்து வைத்திருக்கிறான்: முதலில் பைக் சத்தம், பிறகு கதவு, பிறகு போன் பறக்கும், அதன் பிறகு அம்மாவுக்கு அடி. கடைசியில் வருவதைத் தடுக்கத் தன்னால் ஆகாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே, தன் கைக்கு எட்டும் ஒரே இடத்தில் அந்த வரிசையை அறுக்கப் பார்க்கிறான். இப்படிச் செய்கிற பிள்ளை எதையும் மறந்துவிடவில்லை. ஐந்து மாதங்களாக, ஆபத்தில்லாத ஒரு வீட்டில் இருந்துகொண்டே, அவன் இன்னும் காவல் காத்துக்கொண்டிருக்கிறான்.

சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்பது நம் ஊரில் எல்லோரும் ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்கிற ஒன்று. பிள்ளையால் நடந்ததைக் கதையாகச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் சொல்லத் தெரியாததும் உடம்பில் தங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 6 முதல் 12 மாத வயதுள்ள 20 குழந்தைகள் இயல்பாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கோபக் குரலைக் கேட்கவைத்து, அவர்களுடைய மூளையின் செயல்பாட்டை ஸ்கேன் கருவியில் பார்த்தார்கள். பெற்றோர் சண்டை அதிகம் இருந்த வீட்டுக் குழந்தைகளுக்கு, பதற்றத்தையும் உணர்ச்சியையும் கையாளும் மூளைப் பகுதிகள் அந்தக் குரலுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டின. சிறிய ஆய்வுதான், இதிலிருந்து பெரிய முடிவுகளுக்குத் தாவக் கூடாது. என்றாலும், 'பிள்ளை தூங்கத்தானே செய்தது' என்று சொல்கிறவர்களுக்கு நான் இதை எடுத்துச் சொல்வதுண்டு.

அவன் அழாததைத் திடம் என்று நினைத்துவிடாதீர்கள். அழுதால் யாராவது வந்து தூக்குவார்கள் என்று பழகிய பிள்ளைதான் அழும். உங்கள் பேரன் இருந்த வீட்டில் அழுகைக்குக் கிடைத்த பதில் இன்னும் பெரிய சத்தமாக இருந்திருக்கலாம். அல்லது, தூக்க வேண்டிய அம்மா அந்த நேரத்தில் தூக்கும் நிலையில் இல்லாதிருக்கலாம். அழாமலிருக்க அவன் கற்றுக்கொண்டது அங்கேதான். இனி வரும் வாரங்களில் அவன் காரணமில்லாமல் அழவும், அம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்ளவும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடவும் தொடங்கினால், நன்றாக இருந்த பிள்ளை கெட்டுவிட்டான் என்று எண்ண வேண்டாம். இந்த வீட்டில் அழலாம் என்று அவனுக்குப் பிடிபடத் தொடங்கியிருக்கிறது என்றே பெரும்பாலும் நான் அதை எடுத்துக்கொள்வேன்.

நீங்கள் திடம் என்று சொல்வதை எங்கள் துறையில் மீண்டெழும் திறன் என்போம். தாங்கிக்கொள்வது வேறு, மீண்டெழுவது வேறு. தாங்கிக்கொள்ளும் பிள்ளை, சுமை அப்படியே இருக்கத் தன்னைச் சுருக்கிக்கொள்கிறான். மீண்டெழும் பிள்ளை, பயந்த பிறகும் விளையாட்டுக்கும் தூக்கத்துக்கும் பசிக்கும் சிரிப்புக்கும் திரும்பி வருகிறான். இந்தத் திறன் பிள்ளையின் பிறவிக் குணம் என்ற எண்ணம் ஒரு காலத்தில் ஆய்வாளர்களிடமும் இருந்தது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில், எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை நடுத்தர வயது வரைக்கும் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பிரசவச் சிக்கல், பெற்றோரின் குடி, மனநோய், ஓயாத குடும்பச் சண்டை எனப் பல பாதகங்களுக்கு நடுவே பிறந்தவர்கள். அப்படிப் பிறந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் பரிவும் உள்ள மனிதராக வளர்ந்தார். எளிதில் பழகும் சுபாவம் அவர்களில் பலருக்கு உதவியது உண்மைதான். ஆனால் அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றுள் முக்கியமானது, பெற்றோர் தடுமாறினாலும் சிறு வயதிலேயே நிலையாக ஒட்டிக்கொள்ளக் கிடைத்த ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் பல வீடுகளில் தாத்தாவாகவோ பாட்டியாகவோ இருந்தார் என்பதை உங்களுக்காகவே இங்கே எழுதுகிறேன். பதின்வயதில் தடம் புரண்டவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் சீரான வாழ்க்கைக்குத் திரும்பியிருந்தார்கள் என்பதையும் அதே ஆய்வு பதிவுசெய்திருக்கிறது.

ஆகவே, 'பேரன் திடமாக இருக்கிறானா' என்ற உங்கள் கேள்வியை, 'பயந்தால் அவன் யாரிடம் போகிறான்' என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். இப்போதைக்கு அவன் யாரிடமும் போவதில்லை, போனிடம் போகிறான். அம்மாவின் கண்ணைத் துடைப்பதும் இதோடு சேர்ந்ததே. நான்கு வயதில் இரக்கம் இருப்பது நல்லதுதான், ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் விளையாட்டை நிறுத்திக்கொள்கிற பிள்ளை, பெரியவர் வேலையைத் தலையில் தூக்கிக்கொண்டிருக்கிறான். 'எவ்வளவு பொறுப்பு பாருங்க' என்று வருகிறவர்கள் புகழும்போது அந்தச் சுமை இன்னும் இறுகும். அடுத்த முறை அவன் சட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்போது, உங்கள் மகள் அவன் கையைப் பிடித்து, "அம்மாவுக்குக் கொஞ்சம் அழுகை வந்துச்சு, சரியாயிடும். அம்மாவைப் பாத்துக்கப் பாட்டி இருக்காங்க. நீ போய் விளையாடு" என்று சொல்லட்டும். சொல்லிவிட்டால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் நீங்கள் உண்மையிலேயே போய் மகளின் பக்கத்தில் உட்கார வேண்டும். அம்மாவைத் தாங்க ஆள் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பிள்ளை தன் காவலை விடுவான்.

பைக் சத்தத்துக்கு வருகிறேன். போனை எடுக்காதே என்று தடுக்க வேண்டாம். 'அப்பா இங்கே எங்கடா வரப்போறாரு' என்று சிரிக்கவும் வேண்டாம். அவன் எடுத்து ஒளித்து வைக்கட்டும். நீங்கள் அவன் உயரத்துக்குக் குனிந்து, "பைக் சத்தம் கேட்டதும் பயமா இருந்துச்சா? வா, யாருன்னு பாப்போம்" என்று கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிப் போங்கள். பால்காரராக இருக்கும், எதிர் வீட்டுப் பையனாக இருக்கும். ஒவ்வொரு முறையும் இதே போலச் செய்ய வேண்டும். பத்து முறை போதாது, நூறு முறை ஆகலாம். பைக் சத்தத்துக்குப் பின்னால் அடி வராத நாள்கள் பலவற்றை அவன் உடம்பு எண்ணிப் பார்த்தால்தான், பழைய வரிசை தளரும்.

பொம்மையை அறைவதைக் கண்டு நீங்கள் பதறுவது புரிகிறது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுதான் பேச்சு. தான் பார்த்ததையே அவன் நடித்துக் காட்டுகிறான், அதுவும் இந்த முறை அடி வாங்குகிறவன் பக்கத்தில் நிற்காமல் பலமுள்ளவன் பக்கத்தில் நின்று நடிக்கிறான். பயந்த பிள்ளைக்கு அது கொஞ்ச நேர நிம்மதி. பொம்மையைப் பிடுங்கினால் அவன் பேச்சைப் பிடுங்கியது போலாகும். பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயோ, பாப்பாவுக்குப் பயமா இருக்குமே, அது இப்ப எங்கே போகும்? யார் வந்து தூக்குவா?" என்று விளையாட்டுக்குள்ளிருந்தே கேளுங்கள். அடிப்பதோடு நின்றுபோகிற அந்த விளையாட்டில், ஒரு நாள் ஆம்புலன்ஸ் வரலாம், போலீஸ்காரர் வரலாம், பாட்டி வரலாம். கதை நகர்ந்தால் பிள்ளை நகர்கிறான் என்று கொள்ளலாம். வாரக்கணக்கில் அதே அடி, அதே வசனம், அதே இறுகிய முகம் என்று மாறாமல் நின்றால் அவனை ஒரு மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். அவன் உயிருள்ள பிள்ளையையோ பூனையையோ அடித்தால் அது வேறு. கையைப் பிடித்து நிறுத்தி, "இந்த வீட்டுல யாரும் யாரையும் அடிக்கிறதில்ல" என்று கோபமில்லாத குரலில் சொல்லுங்கள். அந்த வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டுமானால், நீங்களும் செல்லமாகக்கூட அவனைத் தட்டக் கூடாது, சூடு போடுவேன் என்று விளையாட்டுக்குக்கூட மிரட்டக் கூடாது.

இனி, நீங்கள் வாய் தவறிச் சொல்வதாக எழுதிய 'அப்பன் புத்தி'. உங்கள் கடிதத்தில் இருப்பவற்றுள் இந்தப் பிள்ளைக்கு இன்றைக்குக் கெடுதல் செய்வது இதுதான் என்று நினைக்கிறேன். கடுமையாகச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தன் முகம் அப்பா ஜாடை என்று அவனிடம் பலரும் சொல்லியிருப்பார்கள். அந்த அப்பாதான் அம்மாவின் நெற்றியை உடைத்தவர் என்பதும் அவனுக்குத் தெரியும். மிட்டாய்க்கு அடம்பிடித்த நேரத்தில், தன்னை மிகவும் நேசிக்கிற பாட்டியே இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டால், அடிக்கிற மனிதன் தனக்குள் ஏற்கெனவே இருக்கிறான் என்று அவன் முடிவுகட்டிவிடுவான். அடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் அந்த வழியில் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அப்படி வளர்ந்தவர்களில் பெரும்பான்மையோர் அடிக்கிறவர்களாக மாறுவதில்லை. கோபத்தில் கத்தலாம், காலை உதைக்கலாம், தலையணையைக் குத்தலாம், ஆளை மட்டும் அடிக்கக் கூடாது என்று நீங்கள் இப்போதே சொல்லிக்கொடுங்கள். உங்கள் வீட்டுத் தாத்தாவோ மாமாவோ கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அவன் நீங்கள் எண்ணுவதைவிடக் கூர்மையாகக் கவனித்துக்கொண்டிருக்கிறான். ஆண்பிள்ளை அழக் கூடாது என்ற பேச்சையும் இதோடு வழியனுப்பிவிடுங்கள்.

அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்ற பொய் நல்லெண்ணத்தில் சொன்னதே. ஆனால் நடந்ததைப் பார்த்த பிள்ளைக்கு அது, 'நீ பார்த்ததைப் பற்றி இந்த வீட்டில் பேசக் கூடாது' என்றே கேட்கும். மேலும், வெளியூர் போனவர் எந்த நிமிடமும் திரும்பி வரலாம் அல்லவா? பைக் சத்தத்துக்கு அவன் இன்னும் எழுந்து ஓடுவதற்கு அந்தப் பொய்க்கும் பங்கிருக்கலாம். இந்த வயதில் உலகமே தன்னைச் சுற்றித்தான் நடக்கிறது என்று பிள்ளை நம்புவான். நான் சோற்றைச் சிந்தினேன், அதனால்தான் அப்பாவுக்குக் கோபம் வந்தது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும் பிள்ளைகளை மருத்துவமனையில் அடிக்கடி பார்க்கிறேன். அவனுக்குச் சொல்ல வேண்டியது மிகச் சிறியது: "அப்பா அம்மாவை அடிச்சாரு. அது தப்பு. அது உன்னால நடக்கல. அதனால நாம பாட்டி வீட்டுல இருக்கோம். இங்கே உன்னையும் அம்மாவையும் நாங்க பாத்துக்குவோம்." இதை உங்கள் மகள் சொல்வதே நல்லது, நீங்கள் உடன் இருக்கலாம். அப்பாவை வசைபாட வேண்டாம். அவனுக்கு அவர்மேல் பயமும் இருக்கும், ஏக்கமும் இருக்கும்; அப்பா வாங்கித் தந்த பலூனைப் பற்றி அவன் பேசினால், முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கை நனைவதற்குத் திட்டவோ, பிறரிடம் சொல்லிக் கேலி செய்யவோ வேண்டாம். சிறுநீர்த் தொற்று இல்லையென்று ஒரு பரிசோதனையில் உறுதிசெய்துகொண்டால் போதும். பயம் தணியத் தணியப் பெரும்பாலும் தானே நிற்கும். குளியல், சோறு, கதை, விளக்கணைப்பு ஆகியவை தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நடக்கட்டும். அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ அவன் தவறாமல் போகட்டும். அங்கே உள்ள டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை, சத்தத்துக்குப் பயப்படுவான், அதட்ட வேண்டாம் என்று சொன்னால் போதும்.

மருத்துவ உதவி பற்றி. ஐந்து மாதம் கழித்தும் இரவில் அலறி எழுவது, பேச்சு குறைந்துகொண்டே போவது, சாப்பாடு இறங்காதது, தன்னைத்தானே அடித்துக்கொள்வது போன்றவை இருந்தால் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். இந்த வயதுப் பிள்ளையைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டு யாரும் பேசவைக்கப் போவதில்லை. சான்பிரான்சிஸ்கோவில் அலீசியா லீபர்மன், பாட்ரிசியா வான் ஹார்ன் ஆகியோர் உருவாக்கிய முறையில், தாயும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து விளையாட, சிகிச்சையாளர் இருவருக்கும் நடுவில் நின்று ஒருவர் மனத்தை மற்றவருக்கு மொழிபெயர்ப்பார். தாய் அடிபடுவதைப் பார்த்த, 3 முதல் 5 வயதுள்ள 75 குழந்தைகளோடு நடந்த அவர்களுடைய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. வாரம் ஒரு முறையாக ஏறக்குறைய ஓராண்டு நீடித்த அந்தச் சிகிச்சையில் பிள்ளைகளோடு தாய்மார்களின் மனவேதனையும் குறைந்தது. இதே முறை உங்கள் ஊரில் கிடைக்காமல் போகலாம். ஆனால் உங்கள் மகளின் தூக்கமும் பயமும் சரியாகாமல் பேரனை மட்டும் சரிசெய்ய முடியாது என்ற அதன் அடிப்படை எங்கும் பொருந்தும். அவளையும் அதே நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகளை நீங்கள் திருப்பி அனுப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுள்ள, திருமணமான பெண்களில் ஏறக்குறைய 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். அவர்களில் எத்தனையோ பேருடைய தாய்மார்கள் நீங்கள் சொன்னதையே சொல்லியிருப்பார்கள். உங்களுக்கும் உங்கள் தாயார் அதைச் சொல்லியிருக்கக்கூடும். கடிதத்தில் எனக்கு எழுதியதை மகளிடம் சொன்னீர்களா? "அன்னைக்கு உன்ன அனுப்பினது என் தப்பு" என்று ஒரு முறை அவளிடம் சொல்லுங்கள். இன்னும் அவள் மனத்தில், மறுபடியும் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். சம்பந்தி வீட்டார் வரும் செய்தி கேட்டதும் அது கூடியிருக்கும். தாயின் அந்தப் பயம் பிள்ளைக்கும் போகிறது.

பிள்ளைக்கு அப்பா வேண்டும் என்ற வாதத்துக்கு, மருத்துவராக என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: பிள்ளை மீண்டெழுவதற்கு முதல் நிபந்தனை அடி நிற்பது. எரிகிற தீயைச் சகித்துக்கொள்ளப் பிள்ளையைப் பழக்கும் வைத்தியம் எங்களிடம் இல்லை. குடிதான் காரணம் என்று அவர்கள் சொல்வார்கள். குடிக்குச் சிகிச்சை உண்டு, அவர் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் குடித்த அதே கை அவருடைய முதலாளியின் மேலோ தெருவில் நிற்கும் காவலர் மேலோ நீளவில்லையே என்பதையும் யோசித்துப் பாருங்கள். குடியை நிறுத்துவதும் அடியை நிறுத்துவதும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியவை, இரண்டுக்கும் வாய்ச்சொல் போதாது, மாதக்கணக்கில் நடந்து காட்ட வேண்டும். திரும்பிப் போவதா வேண்டாமா என்ற முடிவு உங்கள் மகளுடையது, பெரியவர்கள் கூடி எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது.

பேச்சுவார்த்தைக்கு முன்பு அவள் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில், குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பார்ப்பது நல்லது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் ஒருங்கிணைந்த சேவை மையமும் அங்கே வழிகாட்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்கீழ், அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு ஆணையோடு, பிள்ளையைத் தாயிடம் தற்காலிகமாக ஒப்படைக்கும் ஆணையையும் குற்றவியல் நடுவர் பிறப்பிக்கலாம். தந்தை வந்து பார்ப்பது பிள்ளைக்குக் கேடு என்று தோன்றினால் அதை மறுக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. நெற்றித் தையலின் மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பிறந்தநாளன்று கேக்கையும் சமரசத்தையும் ஒன்றாக வைக்காதீர்கள். பெரியவர்களின் பேச்சு வேறொரு நாளில், பேரன் வீட்டில் இல்லாத நேரத்தில் நடக்கட்டும். அப்பாவைப் பார்க்கலாம் என்று உங்கள் மகளும் பாதுகாப்பு அலுவலரும் பிறகு கருதினால், அது குறுகிய நேரமாக, பகலில், உங்கள் வீட்டுக்கு வெளியே, பேரனுக்குப் பழகிய ஒரு பெரியவர் எழுந்து போகாமல் உடனிருக்க நடக்கட்டும். எப்போது, எங்கே, யார் உடனிருப்பார்கள் என்பதை முதல் நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள். அவன் வர மாட்டேன் என்று உங்கள் காலைக் கட்டிக்கொண்டால், அன்றைக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
குழந்தைகள் மனநல மருத்துவர்